என் கணவரின் குரலுக்கு ஒரு ஜெர்மன் மைக்

என் கணவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். நான் சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஸ்பீக்கர்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். பெல்ட்டில் வரிசையாக வரும் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அடித்தொண்டையிலிருந்து உச்சி வரை ஒருமுறை ஊளையிடும். ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் எங்காவது ‘கிர்’ என்று ஒரு பிசிறு தட்டினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். ஆறு வருடம் இதைச் செய்ததில் என் காது மந்தமாகியிருக்க வேண்டும். மாறாக, அது எதிலும் குறை கண்டுபிடிக்கிற காதாகிவிட்டது. பஸ் பிரேக் பிடித்தால் குறை, கோயில் மணி அடித்தால் குறை, வானொலியில் செய்தி வாசித்தால் குறை.

அப்படிப்பட்ட காதுக்கு ஒரு குறையும் அகப்படாத சத்தம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லோரி ஓட்டும்போது என் கணவர் பாடுவது.

வீட்டில் அவர் பேசுவதே அபூர்வம். “சாப்பாடு இருக்கா”, “வேலைக்குப் போறேன்” என்ற இரண்டு வாக்கியங்களில் ஒரு நாளை ஓட்டிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஷா ஆலாம் வரை அவரோடு லோரியில் போனேன். ஃபெடரல் ஹைவேயில் ஏறி, கியர் மாறி, வண்டி ஒரு வேகத்துக்கு வந்ததும் பாட ஆரம்பித்தார். எந்தப் படத்துப் பாட்டும் இல்லை. அவராக இழுக்கிற ராகம், அவராகப் போடுகிற அர்த்தமில்லாத சொற்கள். டீசல் எஞ்சினின் இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. நான் பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டார். டோல் சாவடி வந்ததும் நிறுத்தினார். ஒன்றுமே நடக்காததுபோல் சட்டைப் பையில் சில்லறை தேடினார். நான் மடியில் இருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஷா ஆலாம் போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற பைத்தியம் பிடித்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கலைந்துபோன ஓர் இசைக்குழுவின் கிட்டார்காரரிடமிருந்து, நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யக்கூடிய ஒரு கேசட் ரெக்கார்டர் வாங்கினேன். என் கணவர் இழுக்கிற ராகத்துக்கு நானே வார்த்தை எழுதினேன். போர்ட் கேட்டு வாசலில் லோரிகள் மணிக்கணக்கில் வரிசை பிடித்து நிற்பதைப் பற்றிய பாட்டு. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கரோக்கே மைக்கை அவர் முன்னால் நீட்டிப் பாடச் சொன்னேன். பிறகு போட்டுக் கேட்டோம். பிஸ்கட் டின்னுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ உதவிக்குக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

“இது யாரு?” என்று அவரே கேட்டார்.

குரலில் கோளாறு இல்லை, மைக்கில்தான் கோளாறு என்று எனக்குத் தெரியும். இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் ஸ்பீக்கர் சோதிக்கிறவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் கேன்டீனில் யாரோ விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையின் சிறு விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பியானோ சுருதி சேர்த்துத் தருகிறோம் என்பதற்கும் மீன்தொட்டி விற்பனைக்கு என்பதற்கும் நடுவில் இரண்டே வரி. ஸ்டூடியோ மைக், ஜெர்மனியில் செய்தது, பழையது, நல்ல நிலையில் உள்ளது, கிள்ளான். சோற்றில் கை வைத்தபடியே நான்கைந்து முறை படித்தேன். அந்த மாதிரி மைக்கைப் பற்றி எங்கள் இஞ்சினியர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழைய ரேடியோவில் போல உள்ளே சின்னதாக ஒரு வால்வு எரியும், புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஒரு கார் வாங்குகிற காசு வேண்டும் என்பார். கையைக் கழுவிவிட்டு, கேன்டீன் வாசலில் இருந்த பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன்.

மறுமுனையில் ஒரு சீனர், பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். கரோக்கே கடை வைத்திருக்கிறாயா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கப் போகிறாயா என்று அடுத்துக் கேட்டார். வீட்டில் பதிவு செய்ய என்றேன். கடை முகவரியைச் சொல்லி, சனிக்கிழமை வா என்றார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கிள்ளான் பஸ் ஏறினேன். சோபா செட் வாங்குவதற்காக மூன்று வருடமாகப் போனஸில் ஒதுக்கி வைத்திருந்த பணம் கைப்பையில் இருந்தது. என் கணவர் போர்ட்டிலிருந்து சரக்கேற்றிக்கொண்டு வரும் வழியில் அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. மைக்கைப் பஸ் கூட்டத்தில் தூக்கி வர எனக்குத் தைரியம் இல்லை.

ஸ்டூடியோ ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு காலி நிலம். என் கணவர் நாற்பதடி கண்டெய்னரோடு அங்கே வண்டியை வளைத்து நிறுத்தியபோது கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஊஞ்சல் ஆடியது. சரக்கு இருக்கும்போது டிரைவர் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பது அவருடைய கம்பெனிச் சட்டம்.

“நீ போய்ப் பாத்துட்டு வா. நான் வண்டியிலயே இருக்கேன்,” என்றார்.

மாடியில் பனியனும் அரைக்கால் சட்டையும் போட்ட ஐம்பது வயதுக்காரர் கதவைத் திறந்தார். விளம்பரப் பாட்டுகளும் சீன நாடகக் குழுக்களின் பாட்டுகளும் பதிவு செய்து வந்தவர். கடையை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிற மகளிடம் போகப் போகிறாராம். மேசைமேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தார். உள்ளே கருநீல வெல்வெட்டில், பெரிய வெள்ளரிக்காய் அளவில், முகம் முழுக்கக் கம்பி வலையோடு அது படுத்திருந்தது. நான் கையை நீட்டினேன். அவர் மென்மையாக என் கையைத் தள்ளிவிட்டார். பாடுகிறவர் யார், நீயா என்று கேட்டார். என் கணவர் என்றேன். எங்கே அவர் என்றார். கீழே லோரியில் என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நம்பவில்லை. பெட்டியை மூடுவதற்குக் கை போனது. அந்த நேரம் பார்த்துப் பின்ஜன்னல் வழியாகப் பாட்டு கேட்டது. காத்திருந்து சலித்துப்போய் என் கணவர் ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டு ஆரம்பித்திருந்தார்.

சீனர் ஜன்னலுக்குப் போனார். கீழே எட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அவர்தானா என்று தலையால் கேட்டார். அவர்தான் என்றேன். பிறகு அவர் செய்த வேலையை இன்று சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். மூலையில் இருந்து பெரிய வளையமாகச் சுற்றிவைத்த கேபிளை எடுத்தார். இந்த மைக் தனியாக வேலை செய்யாது, அதற்கென்று மின்சாரம் தரும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியை ஜன்னல் திண்டில் வைத்து, கேபிளை அதில் செருகி, மறுமுனையை ஜன்னல் வழியாகக் கீழே இறக்கினார். ஹெட்போனை என் தலையில் மாட்டினார். மைக்கை மரப்பெட்டியோடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் லோரியின் மறுபக்கக் கதவைத் திறந்து, பனியனோடு ஏறி உட்கார்ந்தார். கேபிளை மைக்கில் செருகினார். இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்து, சாமிக்கு ஊதுபத்தி பிடிப்பதுபோல என் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்தப் பாட்டை மறுபடி பாடு என்று மலாயில் சொன்னார். “நான் சும்மா பொழுது போகாம பாடுறது அது” என்று என் கணவர் மலாயில் தயங்குவது ஹெட்போனில் கேட்டது. கேட்டது என்றா சொன்னேன்? அவர் என் காதுக்குள்ளே உட்கார்ந்திருந்தார். நாக்கு மேல்வாயைத் தொட்டு விலகுகிற ஈரச் சத்தம், சட்டைக் காலரில் தாடி உரசுகிற சத்தம், மூச்சு உள்ளே போகிறபோது மூக்கில் அது எந்தப் பக்கமாகப் போகிறது என்பதுகூட.

பாடினார். சீட்டில் உட்கார்ந்து, கை ஸ்டியரிங்கில் இருந்ததால் அவருக்கு வெட்கம் வரவில்லை போலிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணமில்லாத சிரிப்பு. ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, “நிறுத்தாதீங்க” என்று கத்தினேன். என் கத்தல் கீழே போய், மைக்கில் ஏறி, கேபிள் வழியாக மேலே வந்து என் காதிலேயே விழுந்தது. அதற்கும் சிரித்தேன்.

பாட்டு முடிந்ததும் சீனர் மைக்கிலிருந்து கேபிளைக் கழற்றினார். எங்கே கற்றாய் என்று கேட்டிருக்கிறார். லோரியில்தான் என்று இவர் சொல்லியிருக்கிறார். மேலே வந்ததும் சீனர் விலையைப் பற்றிப் பேசவில்லை. நீ எவ்வளவு கொண்டு வந்தாயோ அதைக் கொடு என்றார். சோபா செட் கைமாறியது. சீனரும் நானும் அவசர அவசரமாகப் பொருள்களைக் கட்டினோம். வழியெல்லாம் மரப்பெட்டி என் மடியில் இருந்தது. ரோட்டில் குழி வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதை உயரத் தூக்கிப் பிடித்தேன். லோரியைக் கம்பெனி யார்டில் விட்டபிறகு டாக்சி பிடித்தோம். மெதுவாகப் போகச் சொல்லி மூன்றாவது முறை கேட்டபோது டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“உள்ள என்ன ஆன்டி, பாம்பா?”

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஆன்டி என்று அழைத்ததற்குக் கூட எனக்கு அன்று கோபம் வரவில்லை.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே யார்டை ஒட்டிய ஒரு ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்துப் பாயில் எல்லாவற்றையும் பரப்பினேன். மைக், அதைத் தொங்கவிடும் கம்பி வளையம், கேபிள். கேபிளின் ஒரு முனையை மைக்கில் செருகினேன். மறுமுனையில் ஏழு பல். அதைச் செருகுவதற்கு ரெக்கார்டரில் இடம் இல்லை. இருக்காது. அது செருக வேண்டிய சாம்பல் நிறப் பெட்டி கிள்ளானில் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தது.

ஆறு வருடம் ஒரு பழுதையும் தவறவிடாதவள் நான். என் கணவர் என்னையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே அவர் சிரிப்பது கேட்டது. கீழே இறங்கிப் போய்த் தொலைபேசியில் அழைத்தேன். கடையில் யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை லோரியில் போகும்போது அவர் வாங்கி வருவது என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க மைக் கூடத்தின் நடுவில், உயிரில்லாமல், துணி உலர்த்தும் கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நடக்கும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். என் கணவருக்கு அது வேலை செய்யாது என்று தெரிந்ததால் பயம் இல்லை. பல் துலக்கிவிட்டு வந்து அதன் முன்னால் ஒரு வரி பாடுவார். சட்டை மாட்டிக்கொண்டு ஒரு வரி. மீன் பொரித்துக்கொண்டிருந்த நான் அகப்பையோடு ஓடி வந்து நின்று கேட்டேன். அன்றைக்கு அவர் பாடியதுபோல் யாரும் எங்கேயும் பாடியிருக்க மாட்டார்கள், ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. சீனர் அதை ஒரு துண்டில் சுற்றி, லோரி வருமா வருமா என்று ஜன்னலிலேயே நின்றாராம். பெட்டியைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஹெட்போனில் எங்கள் வீடு முழுவதும் திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் குக்கர், சுவரில் பல்லி நடப்பது, என் வளையல், அவர் வயிறு. “ம், பாடுங்க” என்றேன்.

பாட்டு வரவில்லை. அவர் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். “தொண்ட கட்டிக்கிச்சு” என்றார். மறுநாளும் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கடுத்த நாளும். சிவப்பு விளக்கின்மேல் பிளாஸ்டர் ஒட்டினேன். மைக்கின் மேல் என் கைக்குட்டையைப் போர்த்தினேன். அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். ஒன்றும் பலிக்கவில்லை. வேலையில் ஸ்பீக்கர்கள் ஊளையிடும்போதெல்லாம் எனக்கு இதே யோசனை. கிள்ளானில் மட்டும் இந்த மைக் முன்னால் எப்படிப் பாடினார்? பெல்ட்டில் நாற்பதாவது ஸ்பீக்கரோ நாற்பத்தொன்றாவதோ வரும்போது பிடிபட்டது. அங்கே அவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்டியரிங் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, பிஸ்கட் டின்னின் வட்ட மூடியைக் கையில் கொடுத்தேன். அதை அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பவர் ஸ்டியரிங் இல்லையே,” என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் ஜோக் அது. ஆனால் பாடினார். அரைக்கட்டை குரலில் பாடினார். மூடியில் விரல் பட்டு ‘டிங் டிங்’ என்றது, அதுதான் பாட்டைவிடச் சத்தமாகப் பதிவானது. மறுநாள் வேலை விட்டு வந்தவரின் தோளில் நிஜமான லோரி ஸ்டியரிங் மாட்டியிருந்தது. கிள்ளானில் பழைய இரும்புக் கடையில் எடுத்தாராம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அன்றைக்கே அதைக் கழுவி, கைப்பிடி முழுக்க என் பழைய பாவாடைத் துணியைச் சுற்றித் தைத்தேன்.

படுக்கையறைதான் ஸ்டூடியோ. ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தினோம். சுற்றிலும் கொடி கட்டி என் சேலைகளைத் தொங்கவிட்டோம். கல்யாணப் பட்டு அவருக்கு நேர் பின்னால். மின்விசிறியின் சத்தம் மைக்கில் ஏறியதால் அதையும் நிறுத்தினோம். அவர் கைலியோடு, வியர்வை வழிய வழிய, ஸ்டியரிங்கை முழங்கால்களின்மேல் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இல்லாத கியரை இடது கை தேடியது. கண்ணை மூடினார். பாடினார்.

கப்பல் வந்து நிக்குதம்மா கரையோரம்,
கேட்டு இன்னும் திறக்கலையே இந்நேரம்.

இரண்டாவது வரி முடிவதற்குள் யார்டில் ரயில் கூவியது. மறுபடி ஆரம்பித்தோம். ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதின. மறுபடி. பிரேக் கிறீச்சிட்டது. தெருவில் நின்றால் அந்தச் சத்தங்கள் நமக்குக் கேட்கவே கேட்காது, பழகிப் போயிருக்கும். அந்த ஜெர்மன் மைக்குக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. மெத்தையைத் தாண்டி, பட்டுச் சேலையைத் தாண்டி எல்லாவற்றையும் கேட்டது. மூன்று வாரம் இப்படியே போயிற்று. இரண்டாவது வரியைத் தாண்ட முடியவில்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். யாழ்ப்பாணத் தமிழர், ரயிலில் கார்டாக வேலை பார்ப்பவர். படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. தலை கலைந்து, சாரத்தை இறுக்கிக்கொண்டு நின்றார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

“கோவிக்க வேண்டாம், தங்கச்சி. நான் நைட் டூட்டி முடிச்சுப் படுத்திருக்கிறன். அந்த ரெண்டு வரிய இருபத்திரண்டு தரம் கேட்டிட்டன். அடுத்த வரி எப்ப வரும்?”

நான் மன்னிப்புக் கேட்டு, ரயில் சத்தத்தைச் சொல்லி, நம்ப மாட்டாரோ என்று ஹெட்போனையும் மாட்டிவிட்டேன். அவர் கேட்டார். புருவம் மேலே போனது. இது பெட்டிகளை மாற்றிக் கோக்கிற ஷண்டிங் எஞ்சின் என்றார். அடுத்ததைப் போடச் சொன்னார். இது எண்ணெய் வண்டி, பின்னால் இருக்கிற பிரேக் சரியில்லை, எழுதிக் கொடுத்தும் இன்னும் சரி செய்யவில்லை என்றார். அரை மணி நேரம் எங்கள் பாழாய்ப்போன பதிவுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டு, எது எந்த வண்டி என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கேட்ட இருமல் அவருடையதுதான் என்று தெரிந்ததும் ஹெட்போனைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார்.

“ஞாயிறு பின்னேரம் ரெண்டு நாப்பதில இருந்து பதின்மூண்டு நிமிஷம் ஒண்டும் வராது. அதுக்குள்ள முடிக்கலாமோ?”

பாட்டு நான்கு நிமிடம்தான். முடிக்கலாம் அண்ணே என்றேன்.

அடுத்த ஞாயிறு இரண்டரைக்கு வந்துவிட்டார். சீருடைச் சட்டை போட்டிருந்தார். கையில் பச்சைக் கொடி. படிக்கட்டில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன் மனைவியைக் கீழே நிறுத்தியிருந்தார். படுக்கையறைக் கதவைப் பாதி திறந்து, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யார்டில் கடைசியாக ஒரு பெட்டி மோதி அடங்கியது. அவர் கையை உயர்த்தி, சத்தமில்லாமல் பச்சைக் கொடியை அசைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன். என் கணவர் கண்ணை மூடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

முதல் வரி போயிற்று. இரண்டாவது வரி போயிற்று. மூன்றாவது வரிக்குள் நுழைந்தார். அந்த வரியை நாங்கள் அதுவரை பதிவில் கேட்டதே இல்லை. வெறும் கையால் ஸ்டியரிங்கில் அவர் தட்டுகிற தாளம் துணி சுற்றியதால் மத்தளம்போல் மெத்தென்று விழுந்தது. ஹைவேயில் மேலேறும்போது வருகிற அந்த வழுக்கல் குரலில் வந்தது. கதவிடுக்கில் கீழ்வீட்டுக்காரர் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கடைசி வரியின் கடைசி எழுத்து அடங்கி, அது அறையை விட்டுப் போய், பல்லி நடப்பது கேட்கும் வரை நான் பொத்தானைத் தொடவில்லை.

பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். நான் மின்விசிறியைச் சுழலவிட்டேன், சேலைகளெல்லாம் எழும்பிப் பறந்தன. பதின்மூன்று நிமிடம் முடிய இன்னும் நேரம் இருந்தது. அதில் அவர் இன்னொரு முறை பாடினார், தேவையே இல்லாமல், கார்டு கேட்டுக்கொண்டதற்காக.

அடுத்த வாரம் மிச்சமிருந்த தடங்களில் ஒன்றில் ஒரு சின்ன கீபோர்டை நானே வாசித்துச் சேர்த்தேன். முடிந்ததும் என் கணவர் போர்ட்டில் தன் கூட்டாளி ஒருவருக்குக் கேசட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஒருவருக்கு மட்டும்தான். அந்தக் கூட்டாளி இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, நான் லீவு எடுத்த ஒரு நாளில் அவரோடு காலி லோரியில் போர்ட் கிள்ளானுக்குப் போனேன். வாசலுக்கு வெளியே லோரிகள் வரிசையாக நின்றன. எஞ்சினை நிறுத்தி, வெயிலுக்குக் கண்ணாடிகளை இறக்கி விட்டிருந்தார்கள். முன்னால் நின்ற வண்டியில் என் கணவரின் குரல் கேட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டியிலும் கேட்டது, ஆனால் அங்கே பாட்டு இன்னும் முதல் வரியில் இருந்தது. இவர் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டில் சறுக்கினார். பக்கத்து வரிசையில் மூன்றாவதாக ஒன்று ஆரம்பித்ததும், “தே குடிச்சிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கித் தேநீர்க் கடைக்கு ஓடிவிட்டார்.

நானும் இறங்கினேன். வரிசையோடு பின்னால் நடந்தேன். ஒரு லோரியில் கப்பல் வந்துகொண்டிருந்தது. அடுத்ததில் கேட்டு திறக்கவில்லை. அதற்கடுத்ததில் பாட்டு முடிந்து கேசட் திரும்பிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது லோரியில் ஒரு மலாய்க்காரர், கால்களை டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டு, தமிழ்ச் சொற்களைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு கூடவே பாடினார். நான் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, அக்கா, இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று மலாயில் கேட்டார். கப்பல் வந்துவிட்டது, ஆனால் கேட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம் என்றேன்.

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“பெத்தோல் லா,” என்றார். உண்மைதான்.

அப்போது முன்னால் ஹாரன் அடித்தது. வரிசை நகரப் போகிறது. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறும ஆரம்பித்தன. தேநீர்க் கடைப் பக்கமிருந்து என் கணவர் பிளாஸ்டிக் பையில் தே தாரிக் ஆட ஆட ஓடி வந்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் லோரியை நோக்கி ஓடினேன்.